ஆசிட் பட்ட தரை

கட்டட வேலையில் சைட் இன்ஜினியராகச் சேர்ந்த புதிதில், தரை என்பது எனக்குக் கடைசி நேரத்து வேலை. பூச்சு முடிந்து, வயரிங் முடிந்து, பெயின்ட் ஒரு கோட்டிங் ஆன பிறகு டைல்ஸ் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். இரண்டு மூன்று நாளில் ஹால் முடிந்துவிடும். அதனால், ஒரு வீட்டுக்காரர் ஹாலுக்கு ஆத்தங்குடிக் கல்தான் வேண்டும் என்று சொன்னபோது, அதையும் இன்னொரு வகை டைல்ஸ் என்றே எடுத்துக்கொண்டேன். 400 சதுர அடி. 8 அங்குலக் கல்லில் 900 கல். புதுமனை புகுவிழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. அந்தத் தேதியைக் கையில் வைத்துக்கொண்டுதான் பட்டறைக்குப் போனேன்.

ஆத்தங்குடி, காரைக்குடிக்குப் பக்கத்தில் உள்ள சிவகங்கை மாவட்டத்துக் கிராமம். பட்டறையில் சூளை இல்லை, மோட்டார் சத்தம் இல்லை. கண்ணாடித் துண்டு ஒன்றைத் துடைத்துத் தரையில் வைக்கிறார்கள். அதன் மேல் சதுரமான இரும்புச் சட்டம். சட்டத்துக்குள் பூ வடிவத்தில் தகட்டை வளைத்துச் செய்த அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் ஒரு நிறம். சிமென்ட்டும் நிறப்பொடியும் கூழாகக் கரைத்தது, சின்னக் கரண்டியால் ஊற்றப்படுகிறது. பிறகு அச்சை நேராக மேலே தூக்க வேண்டும். கை ஒரு பக்கம் சாய்ந்தால் சிவப்பு மஞ்சளுக்குள் ஓடிவிடும். சாயாமல் எடுத்துவிட்டால், நடுவில் தடுப்பு எதுவும் இல்லாமலே நிறங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கலக்காமல் நிற்கின்றன. உடனே மேலே உலர்ந்த சிமென்ட்டும் மணலும் தூவுகிறார்கள். அது ஈரத்தை உறிஞ்சி நிறத்தை இருந்த இடத்தில் நிறுத்திவிடுகிறது. அப்புறம் ஈரக் கலவையைப் போட்டு, அழுத்தி, மட்டமாக வழிக்கிறார்கள். மறுநாள் தண்ணீர்த் தொட்டிக்குள் போகிறது. சில நாள் ஊறி, வெளியே வந்து காய்ந்தால், கண்ணாடி கழன்று வருகிறது.

கண்ணாடியோடு ஒட்டியிருந்த பக்கம்தான் கல்லின் முகம். அந்தப் பளபளப்பு கண்ணாடியிடமிருந்து வந்தது. யாரும் பாலிஷ் போடவில்லை. செய்கிறவர் வேலை முழுவதும் கல்லின் முதுகைப் பார்த்துக்கொண்டுதான் செய்கிறார். முகம் எப்படி வந்திருக்கிறது என்று தெரிய அவர் நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். சிமென்ட் தரைக்கல் 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் உருவானது. அங்கே அழுத்த இயந்திரம் வைத்துச் செய்தார்கள். இங்கே அந்த இயந்திரத்தின் வேலையைக் கண்ணாடியும் கையும் செய்கின்றன. பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் கப்பலில் வந்து இறங்கிய செட்டிநாட்டு வீடுகளில், பக்கத்துக் கிராமத்துக் கையால் ஆன இந்தக் கல்லும் சமமாக இடம் பிடித்திருக்கிறது.

இதையெல்லாம் பார்த்துவிட்டும் நான் கேட்ட கேள்வி, “அண்ணே, எப்போ லோடு ஏத்துவீங்க?” என்பதுதான்.

“தொட்டியில ஊறணும் தம்பி. அதை நம்ம அவசரப்படுத்த முடியாது” என்றார் கல் செய்கிறவர்.

விலையையும் குறைத்துக் கேட்டேன். இப்போது அதை நினைத்தால் மனசு கஷ்டப்படுகிறது. கம்பெனி டைல்ஸ் பெட்டியில் விலை அச்சாகி வந்தால் நான் பெரிதாகப் பேரம் பேசியதில்லை. நாள் முழுக்கச் சிமென்ட் தண்ணீரில் கை வைத்து, விரல் நுனியெல்லாம் வெடித்திருந்த ஒரு மனிதரிடம்தான் பேசினேன்.

கல் வந்தது. பதிப்பதும் வேறு மாதிரியான வேலை. எல்லாக் கல்லும் ஒரே கனத்தில் இருக்காது. பசையில் ஒட்டினால் ஏற்ற இறக்கம் தெரியும். கலவையைக் கனமாகப் போட்டு, ஒவ்வொரு கல்லுக்கும் ரசமட்டம் பார்க்க வேண்டும். பெரிய இடைவெளி விடாமல் விளிம்போடு விளிம்பு சேர்க்க வேண்டும். கலவை முகத்தில் பட்டால் அப்போதே துடைக்க வேண்டும். எங்கள் கொத்தனார் இதில் பழகியவர். சரியாகவே செய்தார். தவறு அவர் போன பிறகு நடந்தது.

சைட்டை ஒப்படைக்கும் முன் தரையை ஆசிட் ஊற்றிக் கழுவுவது எங்கள் வேலையில் வழக்கம். சுட்ட டைல்ஸுக்கு அதனால் பெரிய கேடு வராது. இது சிமென்ட். நான் யாரிடமும் சொல்லி வைக்கவில்லை. கழுவ வந்த பையன் எல்லா வீட்டிலும் செய்வதைத்தான் இங்கேயும் செய்தான். நான் போய்ச் சேர்ந்தபோது தரையில் நுரை பொங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் விட்டு அலசிப் பார்த்தால், வாசல் பக்கம் 60 கல்லின் முகம் போய்விட்டது. தடவினால் உப்புத்தாள் போல இருந்தது. அவனைத் திட்ட வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். தெரிந்திருக்க வேண்டியவன் நான்.

மறுபடி பட்டறைக்குப் போனேன். அவர் கோபப்படவில்லை. “நல்லா இருக்கிற கல்லு ஒண்ணைக் கொண்டாங்க” என்றார். கையால் கலக்கும் நிறம் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வராது. ஈரத்தில் இருக்கும் நிறம் வேறு, காய்ந்த பிறகு தெரியும் நிறம் வேறு. என் கல்லை வெயிலிலும் நிழலிலும் வைத்துப் பார்த்தார். சிவப்பில் துளி கருப்பு சேர்த்தார். கண்ணில் பட்ட கலவை என் கல்லைவிட நன்றாகவே அடர்ந்திருந்தது. “காஞ்சா சரியா வரும்” என்றார். சரியாகவே வந்தது. எந்த அளவுக் கருவியும் இல்லாமல், இன்னும் வராத ஒரு நிறத்தை அவர் கண்ணுக்குள் வைத்திருந்தார். அந்த 60 கல்லுக்கு அவர் சொன்ன விலையை அப்படியே கொடுத்தேன்.

இதே பூவை அச்சடித்த டைல்ஸ் இப்போது எல்லா ஷோரூமிலும் இருக்கிறது. ‘ஆத்தங்குடி டிசைன்’ என்றே கேட்டு வாங்குகிறார்கள். வசதியானதுதான், கறை பிடிக்காது, மறுக்கவில்லை. ஆனால் அதில் பூ ஒரு தோல் மட்டுமே. அது தேய்ந்தால் போயிற்று. ஆத்தங்குடிக் கல்லில் நிறம் சில மில்லிமீட்டர் ஆழத்துக்கு உள்ளே இறங்கியிருக்கிறது. அதனால் நடக்க நடக்க, துடைக்கத் துடைக்க மெருகு ஏறுகிறது. பழைய வீடுகளில் பார்த்திருக்கிறேன்: கட்டில் கிடந்த மூலை மங்கலாகவும், ஆட்கள் நடந்த வழி பளபளப்பாகவும் இருக்கும்.

இந்தக் கைவேலை பட்டறையில் அழிகிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். சைட்டில்தான் அதிகமாக அழிகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நாங்கள் மொசைக் என்று சொல்லும் தரையையே எடுத்துக்கொள்ளுங்கள். பளிங்குச் சில்லுகளைச் சிமென்ட்டில் பதித்து, தண்ணீர் விட்டு மெஷினால் தேய்ப்பார்களே, அது. இப்போது அதைப் போடத் தெரிந்த ஆளைத் தேட வேண்டியிருக்கிறது. அந்தத் தரைகள் தேய்ந்தா போயின? அரசு அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் இன்னும் கிடக்கின்றன. தேய்க்க நாலு நாள் ஆகும், சேறு வழியும் என்று நாங்கள்தான் அதை மதிப்பீட்டுத் தாளிலிருந்து எடுத்தோம். வீட்டுக்காரர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே மறந்துபோனது. செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய இடங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறின. பெருமைதான். ஆனால் பட்டறைக்கு வேண்டியது ஆர்டர். ஆர்டரோடு அவகாசம். பதிக்கத் தெரிந்த கொத்தனார். ஆசிட் கேனை வாசலிலேயே நிறுத்துகிற ஓர் ஆள்.

இப்போது ஒரு வீட்டுத் தாழ்வாரத்துக்கு 540 கல் சொல்லியிருக்கிறேன். பாதி தொட்டியில் ஊறிக்கொண்டிருக்கிறது, மீதிக்கு இன்னும் அச்சு வைக்கவில்லை. வீட்டுக்காரர் நேற்றுப் போன் செய்து, ஐயரிடம் நாள் பார்க்கலாமா என்று கேட்டார். கல் வந்து இறங்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.