புழுவுக்கு ஒரு சின்னப் பாக்கெட்

விதை ஆய்வாளராக நான் வேலைக்குச் சேர்ந்தபோது பி.டி. பருத்தி வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒரு பாக்டீரியாவின் மரபணுவைச் சேர்த்து, காய்ப்புழுவைக் கொல்லும் புரதத்தைச் செடியே தயாரிக்கும்படி செய்த பருத்தி அது. 2002 மார்ச்சில் டெல்லியில் அனுமதி கிடைத்தது. முதலில் அனுமதி பெற்ற ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. எனக்குக் கிடைத்தது கரிசலில் மானாவாரிப் பருத்தி போடும் வட்டாரம். ஆவணி பிறந்தால் பகலெல்லாம் விதைக்கடைகளில்தான். லைசென்ஸ், ஸ்டாக் ரிஜிஸ்டர், பில் புத்தகம், லாட் எண் எல்லாம் பார்த்து, மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவேன்.

அப்போது பி.டி. விதை 450 கிராம் பாக்கெட்டில் வரும். அதோடு 120 கிராமில் ஒரு சின்னப் பாக்கெட். அதில் இருப்பது பி.டி. அல்லாத சாதாரணப் பருத்தி. வயலைச் சுற்றி ஐந்து வரிசை, அல்லது மொத்தப் பரப்பில் 20 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அந்த அளவுக்கு இதை விதைக்க வேண்டியிருந்தது. இது சிபாரிசு இல்லை. அனுமதியோடு சேர்ந்து வந்த நிபந்தனை.

ஒருநாள் வயல் பார்க்கப் போன இடத்தில், சின்னப் பாக்கெட் எங்கே ஐயா என்று கேட்டேன். பெரியவர் மாட்டுக்கொட்டகையைக் காட்டினார். இறவாணத்தில் ஏழெட்டு பாக்கெட் பிரிக்காமல் செருகியிருந்தது. மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஊறவைக்கிற வீடு, எனக்குப் பகீரென்றது. மருந்து தடவிய விதை, மாட்டுக்கு வைத்துவிடாதீர்கள் என்று முதலில் அதைத்தான் சொன்னேன். அப்புறம் ஏன் விதைக்கவில்லை என்றேன்.

"அதை நட்டா புழுவுக்குச் சோறு போட்ட மாதிரி ஆயிடுமே சார்."

அவர் சொன்னது சரி. அந்தப் பாக்கெட் இருப்பதே புழுவுக்குச் சோறு போடத்தான். பி.டி. செடியின் விஷத்தைத் தாங்கும் புழு ஆயிரத்தில் ஒன்றோ லட்சத்தில் ஒன்றோ பிழைக்கும். அது அந்துப்பூச்சியானதும் அதே மாதிரி பிழைத்த இன்னொன்றோடு சேர்ந்தால், குஞ்சுகளும் விஷத்தைத் தாங்கும். பக்கத்தில் சாதாரணப் பருத்தி இருந்தால் அங்கே வளர்ந்த சாதாரணப் பூச்சிகள் நிறைய இருக்கும். பெரும்பாலும் அவற்றோடுதான் சேரும். அந்தக் குஞ்சுகளைப் பி.டி. கொன்றுவிடும். இதைச் சொல்லி முடித்தேன். பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப அந்த ஓரத்துல போற பருத்திக்கு யாரு சார் காசு குடுப்பா?" என்றார். என்னிடம் பதில் இல்லை. டெல்லியில் நிபந்தனையை எழுதியவர்களிடமும் இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

2010 பிப்ரவரியில் பி.டி. கத்தரிக்கு அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் தடை போட்டார். கோவை வேளாண் பல்கலைக்கழகமும் அந்தக் கத்தரியில் வேலை செய்திருந்ததால் எங்கள் வட்டாரத்தில் பேச்சு அதிகம். டீக்கடையில்கூடக் கத்தரிக்காய்தான். அடுத்த மாதமே, குஜராத்தின் நான்கு மாவட்டங்களில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் தலைமுறைப் பி.டி. பருத்தியைத் தின்று பிழைக்கிறது என்று அந்தத் தொழில்நுட்பத்தைக் கொண்டுவந்த மான்சான்டோ கம்பெனியே அறிவித்தது. அதைப் பற்றி எங்கள் அலுவலகத்தில் யாரும் பேசியதாக நினைவில்லை. சின்னப் பாக்கெட் மட்டும்தான் காரணம் என்றும் சொல்லமாட்டேன். பருத்தியை மாதக்கணக்கில் நீட்டி வயலிலேயே வைத்திருந்ததும் புழுவுக்குத் தோதாகிவிட்டது. ஆனால் அமெரிக்காவின் அரிசோனாவில் விவசாயிகள் சாதாரணப் பருத்தியை ஒழுங்காக விதைத்தார்கள். அங்கே அதே புழு பத்து வருடம் கழித்தும் எதிர்ப்பு பெறவில்லை. 2018ல் அந்த நாட்டில் அதை ஒழித்துவிட்டதாகவே அறிவித்தார்கள்.

மரபணு மாற்றிய பயிர்களைக் கட்டுப்படுத்தும் 1989 விதிகளில் கலெக்டர் தலைமையில் மாவட்டக் குழு என்று ஒன்று உண்டு. நான் வேலை பார்த்த காலத்தில் அதன் கூட்டத்துக்கு ஒரு தடவைகூட எனக்குக் கடிதம் வந்ததில்லை. ஆய்வுக்கூடத்தில் நடப்பதைப் பார்க்கக் குழு மேல் குழு. வயலோரம் ஐந்து வரிசையைப் பார்க்க, நாலு ஒன்றியத்துக்கு நான் ஒருத்தன், ஒரு டூவீலர். கடைசியில் சாதாரண விதையைப் பாக்கெட்டுக்குள்ளேயே 5 முதல் 10 சதவீதம் கலந்து 475 கிராமாகக் கொடுத்தார்கள். விவசாயி செய்யமாட்டார் என்று ஒத்துக்கொண்ட அந்த விதிதான் என் சர்வீஸில் நான் பார்த்த புத்திசாலித்தனமான விதி. வரும்போது நேரம் கடந்துவிட்டது.

இப்போது மரபணுத் திருத்தம், அதாவது பயிரின் சொந்த மரபணுவிலேயே குறிப்பிட்ட இடத்தில் மாற்றம் செய்வது, வந்திருக்கிறது. வெளி மரபணு எதுவும் மிச்சமில்லாத திருத்தப் பயிர்களுக்கு 2022 மார்ச்சில் பழைய விதிகளில் முக்கியமானவற்றிலிருந்து விலக்கு கொடுத்தார்கள். 2025 மே மாதம் இரண்டு நெல் ரகங்களை அறிவித்தார்கள். அதில் ஒன்று, நம் ஊரில் பி.பி.டி. என்று சொல்கிற சம்பா மசூரியைத் திருத்தியது. சுமார் இருபது நாள் முன்னாலேயே அறுவடைக்கு வருமாம். விலக்கு கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. கோப்பு வருடக்கணக்கில் நகராவிட்டால் பெரிய கம்பெனி தாங்கும், அரசு ஆராய்ச்சி நிலையம் தாங்காது.

என் கவலை வேறு. பி.டி. பருத்தியா என்று பார்க்க எங்களிடம் ஒரு ஸ்ட்ரிப் உண்டு. இலையைச் சின்னக் குப்பியில் நசுக்கி, கரைசல் ஊற்றி, ஸ்ட்ரிப்பை நனைத்தால் இரண்டு கோடு வரும். ஒன்று ஸ்ட்ரிப் வேலை செய்கிறது என்று காட்டும் கோடு, இன்னொன்று பி.டி. புரதம் இருப்பதால் வரும் கோடு. திருத்திய நெல்லில் அப்படி வெளிப் புரதம் எதுவும் கிடையாது. கடையில் நிற்கிற ஆய்வாளருக்கு அதுவும் நெல், இதுவும் நெல். போலியை எதை வைத்துப் பிடிப்பார்?

போன மாதம் பழைய விதைக்கடைக்காரர் ஒருவர் போன் பண்ணினார். "அந்தப் புது நெல்லு வந்தா எங்ககிட்ட என்ன சார் செக் பண்ணுவாங்க?" லாட் எண் போட்டுப் பில் கொடுங்கள், பில் புத்தகத்தைப் பத்திரமாக வையுங்கள் என்றேன். "அது நீங்க இருந்தப்பவும் சொன்னதுதானே சார்" என்று சிரித்தார்.