விகடகவியை ஒத்துக்கொள்ளாத என் புரோகிராம்

பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த மே மாதம். ஊருக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் 10 நாள் கம்ப்யூட்டர் முகாம் என்று அப்பா நோட்டீஸ் கொண்டுவந்தார். பாளையங்கோட்டையிலிருந்து கிளம்பி வண்ணார்பேட்டையில் பஸ் மாறிப் போக வேண்டும். லேபில் ஏசி உண்டு என்று போட்டிருந்தது. அக்னி நட்சத்திரத்தில் திருநெல்வேலியில் இருப்பவளுக்கு வேறு காரணம் வேண்டாம், சரி என்றுவிட்டேன். அன்றன்று நோட்டில் கிறுக்கிவைத்ததைப் பார்த்து இதை எழுதுகிறேன்.

நாள் 1 முதல் 4 வரை

பைத்தான் என்ற புரோகிராம் மொழி. பாம்பின் பெயர் இல்லையாம், உருவாக்கியவருக்குப் பிடித்த ஒரு பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழுவின் பெயராம். பிரிண்ட், இஃப், ஃபார் லூப் எல்லாம் வேகமாக ஓடின. வரியின் தொடக்கத்தில் இடம் விடாததற்கு மட்டும் ஒரே நாளில் 11 எரர் வாங்கினேன் (எண்ணிவைத்திருக்கிறேன்). நான்காம் நாள் எண் கண்டுபிடிக்கும் விளையாட்டு எழுதினோம். 1 முதல் 100 வரை நாம் ஒன்றை நினைத்துக்கொள்ள வேண்டும், கம்ப்யூட்டர் பாதி பாதியாக வெட்டிக்கொண்டு வந்து ஏழாவது கேள்விக்குள் பிடித்துவிடும். தங்கையிடம் பந்தயம் கட்டி இரண்டு தேன்மிட்டாய் ஜெயித்தேன்.

நாள் 5

இருபுறமும் ஒரே மாதிரி வாசிக்கும் சொல்லைக் கண்டுபிடிக்கும் புரோகிராம். சொல்லித்தந்த அண்ணா மூன்றாம் வருட மாணவர். சொல்லுக்குப் பின்னால் [::-1] என்று போட்டால் சொல் தலைகீழாகிவிடும், அதை அசலோடு ஒப்பிட்டால் வேலை முடிந்தது என்றார். மேடம், லெவல் என்று ஆங்கிலத்தில் எல்லோரும் அடித்தார்கள். எல்லாவற்றுக்கும் "ஆம்" வந்தது.

நான் விகடகவி என்று போட்டேன். "இல்லை."

எழுத்துப் பிழையோ என்று மறுபடி அடித்தேன். மறுபடியும் "இல்லை." திருப்பிய சொல்லைத் திரையில் காட்டச் சொன்னால் 'ிவகடகிவ' என்று வந்து நின்றது. முதல் எழுத்தைப் பாருங்கள். விசிறி (இகரக் குறி) மட்டும், அடியில் வ இல்லை. ட-வுக்குப் பக்கத்தில் இருந்த க, கி ஆகியிருந்தது. அண்ணாவைக் கூப்பிட்டேன். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "தமிழ்ல யாரும் இதைப் போட்டுப் பாத்ததில்லையே" என்றார். நேர்மையான மனிதர்.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஒரு வேலை செய்தேன். ஒவ்வொரு குறிக்கும் கம்ப்யூட்டருக்குள் என்ன எண் என்று கேட்க ஒரு கட்டளை உண்டு. விகடகவிக்குப் போட்டால் 2997, 3007, 2965, 2975, 2965, 2997, 3007. ஏழு எண்கள். எனக்கு விகடகவி ஐந்து எழுத்து, அதற்கு ஏழு. வ-வுக்கு ஓர் எண், இகர விசிறிக்குத் தனியாக ஓர் எண். நாம் 247 எழுத்து படிக்கிறோம். எல்லா மொழி எழுத்துக்கும் எண் தரும் யுனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய இடமே 128தான், உயிர்மெய்க்கெல்லாம் தனித்தனி வீடு கிடையாது. அகரமேறிய மெய்யும் பக்கத்தில் ஒட்டும் குறியும்தான். திருப்பும்போது குறி முன்னால் போய், பக்கத்து எழுத்தில் ஒட்டிக்கொள்கிறது.

நாள் 6

இந்த நாளைப் பற்றி எழுத வெட்கமாக இருக்கிறது.

'மாலா போலாமா' என்று போட வேண்டுமானால் நடுவில் இருக்கும் இடைவெளியை எடுக்க வேண்டும். அதற்கு அண்ணா ஒரு வழி சொன்னார்: இஸ்ஆல்பா என்று கேட்டு, எழுத்தாக இருப்பதை மட்டும் வைத்துக்கொள், மற்றதைத் தள்ளு. ஒரே வரி. போட்டேன். மாலா போலாமாவுக்கு "ஆம்". சும்மா விகடகவியையும் போட்டுப் பார்த்தேன். அதற்கும் "ஆம்"!

கத்திவிட்டேன். பக்கத்து வரிசையில் ரோபோ கார் செய்துகொண்டிருந்த பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஏன் சரியானது என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் போட்டேன்.

சாயங்காலம் வீட்டு லேப்டாப்பில் தங்கை உட்கார்ந்தாள். மாமா: ஆம். தாத்தா: ஆம். பாப்பா: ஆம். மாமி: ஆம்.

"மாமி எப்படிக்கா? திருப்பினா மிமா-ல்ல வரும்?"

காக்கை என்று அடித்தாள். அதற்கும் ஆம். ஸ்டேட்டஸை அழித்தேன்.

நாள் 7

காலையில் முதல் வேலையாக, தள்ளியது போக மிச்சம் இருப்பதைத் திரையில் போட்டேன். மாமிக்கு 'மம'. காக்கைக்கு 'ககக'. விகடகவிக்கு 'வகடகவ'. இஸ்ஆல்பா விசிறியையும் காலையும் புள்ளியையும் எழுத்தாகவே சேர்த்துக்கொள்ளவில்லை. இடைவெளியைத் தள்ளச் சொன்னேன், அது தமிழின் கைகால்களையும் சேர்த்து வெட்டிவிட்டது. வெட்டியபின் எல்லாம் ஒரே மாதிரி இருக்கத்தானே செய்யும்?

அந்த வரியைத் தூக்கிவிட்டு, இடைவெளியையும் காற்புள்ளியையும் மட்டும் பெயர் சொல்லி எடுத்தேன். பிறகு ஒரு காலி லிஸ்ட், அதாவது ஒவ்வொன்றாகச் சேர்த்துவைக்கும் பட்டியல். பைத்தானில் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்று தெரிந்ததும் அதற்கு 'எழுத்து' என்றே பெயர் வைத்தேன். சொல்லில் ஒவ்வொரு குறியாக எடுத்து, அது துணைக்குறி என்றால் லிஸ்டில் கடைசியாக இருப்பதோடு ஒட்டு, இல்லையென்றால் புதிதாகச் சேர். துணைக்குறிகளைத் தனியாக டைப் அடிக்க முயன்று அரைமணி நேரம் போனது, போன் கீபோர்டு தனி விசிறியைத் தரவே இல்லை. கடைசியில் எண்களையே பிடித்துக்கொண்டேன். துணைக்கால் 3006, புள்ளி 3021. இந்த இரண்டோ, நடுவில் இருப்பதோ என்றால் ஒட்டு. அவ்வளவுதான்.

திருப்புவது இப்போது லிஸ்டை. வி, க, ட, க, வி. ஆம். மாமி, இல்லை. காக்கை, இல்லை. இந்த முறை கத்தவில்லை. தங்கையிடம் காட்டும்வரை யாரிடமும் சொல்லவும் இல்லை.

நாள் 8, 9

லேப் கம்ப்யூட்டரில் தமிழ் கீபோர்டு போட அனுமதி எட்டாம் நாள்தான் கிடைத்தது. அதுவரை போனில் அடித்து எனக்கே மெயில் அனுப்பி எடுத்துக்கொண்டிருந்தேன். கேட்டுக் கேட்டு வாய் வலித்துவிட்டது.

அது வந்ததும் புதுத் தலைவலி. 'மோரு போருமோ' என்பதில் முதல் சொல் போனில் அடித்தது, இரண்டாவது சொல் லேபில் அடித்தது. "இல்லை" என்றது. கண்ணால் பார்த்தால் இரண்டு மோவும் அச்சு அசல் ஒன்று. பழையபடி எண்ணைக் கேட்டேன். போனில் அடித்த மோவில் ம-வுக்குப் பிறகு 3019 என்று ஒரே குறி. லேபில் அடித்ததில் 3015, 3006 என்று இரண்டு. ஓகாரத்துக்குத் தனிச் சாவி இருப்பதைப் பார்க்காமல், கையால் எழுதுகிற மாதிரி இரட்டைச் சுழி ஒன்று, கால் ஒன்று என்று நானே அடித்துவைத்திருக்கிறேன். இரண்டு விதமும் செல்லுமாம், ஆனால் கம்ப்யூட்டருக்கு ஒன்றில்லையாம். ஒப்பிடும் முன் எல்லாவற்றையும் ஒரே விதமாக்க 'நார்மலைஸ்' என்று ஒன்று இருப்பதை லேப் அக்கா காட்டிக்கொடுத்தார்.

கூடவே, தமிழ் எழுத்துகளைப் பிரித்துத்தர 'ஓப்பன் தமிழ்' என்று பைத்தானுக்கு ஒரு நூலகமே (யாரோ எழுதிவைத்த புரோகிராம் தொகுப்பு) இருக்கிறது என்றும் சொன்னார். ஒன்பதாம் நாள் சொன்னார். கொஞ்சம் கோபம் வந்தது, முதலிலேயே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அந்த எண்களை நான் பார்த்திருக்கவே மாட்டேன் என்பதும் உண்மை.

நாள் 10

டெமோ. ரோபோ கார் கறுப்புக் கோட்டின் மேல் ஓடியது, கூட்டம் எல்லாம் அங்கே. என் மேஜைக்கு நான்கு பேர் வந்தார்கள். அதில் ஒருவர் ஏசி காற்றுக்கு நின்றவர்.

வீட்டில்

ஆச்சி தேவாரம் பாடுகிறவள். "என்னட்டி, பத்து நாளா அதையே தட்டிக்கிட்டு இருக்க?" என்றாள். சொன்னேன். உடனே சம்பந்தரின் மாலைமாற்றுப் பதிகத்திலிருந்து முதல் பாட்டைச் சொன்னாள். மாலைமாற்று என்றாலே பாட்டு முழுக்க இருபக்கமும் ஒன்றாக வாசிப்பதுதானாம். அவள் பாடப் பாடக் கேட்டு அடித்தேன்.

"இல்லை."

நல்லவேளை, எந்த இடத்தில் பொருந்தவில்லை என்று காட்டும் ஒரு வரியைச் சேர்த்துவைத்திருந்தேன். 9-வது எழுத்தும் 20-வது எழுத்தும் என்றது. 9-வதில் ளீ, 20-வதில் ழீ. ஆச்சி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தாள்.

"நீ ழ-வ ள-ன்னு அடிச்சிட்டு மிஷினக் குத்தஞ் சொல்லுதியாக்கும்?"

திருத்தினேன். ஆம். எழுத்து 28, கம்ப்யூட்டர் கணக்கில் 56. ஒவ்வொன்றும் ஒரு மெய், ஒரு நெடில் குறி. ஒரு தனி அகரம்கூட அதில் இல்லை. ஆச்சிக்கு அதில் ஒன்றும் அதிசயம் இல்லை, அடுத்த பாட்டைத் தொடங்கிவிட்டாள்.

இப்போது க்ஷ-வில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். சுவர்க் காலண்டரைப் பார்த்து லக்ஷ்மி என்று போட்டால் ல, க், ஷ், மி என்று நான்கு சொல்கிறது. ஆச்சி மூன்றுதான் என்கிறாள்.