தடைக்காலத்தில் காணிக்கைப் பை

எங்கள் கிறிஸ்தவ சபை கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்கு நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. பள்ளிக்கூட வேலையில் ஓய்வு பெற்ற கையோடு என்னைப் பொருளாளர் ஆக்கிவிட்டார்கள். கணக்கு வாத்தியார்தானே என்று நினைத்திருப்பார்கள். முதல் வருஷமே, 2022 மே மாதக் கடைசியில், கோயிலைப் பார்த்துக்கொள்ளும் ஊழியரான கோயில்பிள்ளைக்குச் சம்பளம் கொடுக்கக் காசில்லை. கட்டட நிதியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஜூலையில் திருப்பி வைத்துவிட்டேன். ஆனாலும் தணிக்கைக்கு வந்தவர் அந்த வரியில் பேனாவை வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். கட்டடத்துக்கென்று கொடுத்த காசைத் தொடக்கூடாது என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா என்ன?

அதைவிடப் பெரிய தப்பு அடுத்த மே மாதம் செய்தது. ஆராதனை முடிந்ததும் அறிவிப்பு நேரத்தில் மைக்கைப் பிடித்து, “காணிக்கை ரொம்பக் குறைந்துவிட்டது, தாராளமாகக் கொடுங்கள்” என்று சொல்லிவிட்டேன். மீன் விற்கும் அக்கா ஒருவர் அதற்கப்புறம் இரண்டு ஞாயிறு வரவில்லை. கடைத்தெருவில் பார்த்துக் கேட்டேன்.

“தொழிலே இல்ல சார். பை முன்னால வந்து நிக்கும்போது வெறுங்கைய எப்படி நீட்டறது?”

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் இனம் பெருக்கும் காலம் என்று விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. படகு போகாவிட்டால் ஐஸ் உடைப்பவர், கூடை தூக்குபவர், ஏலம் எடுத்துத் தெருவில் விற்பவர் எல்லோருக்கும் கை கட்டிப்போகும். சம்பளக்காரக் குடும்பங்கள் மே விடுமுறைக்கு ஊருக்குப் போய்விடும். ஜூன் வந்தால் பள்ளிக் கட்டணம். சபைச் செலவோ அப்போதுதான் ஏறும்: விடுமுறை வேதாகமப் பள்ளி, வெயிலுக்கு அத்தனை ஃபேனும் ஓடிய கரண்ட் பில்.

கொரோனா வருஷங்களை விட்டுவிட்டுப் பழைய கணக்குப் புத்தகங்களை எடுத்தேன். ஒவ்வொரு ஞாயிறு காணிக்கையையும் பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கம் வரிசையாக எழுதினேன். ஈஸ்டர் முடிந்ததும் இறங்குகிறது. ஜூலையில் நிமிர்ந்து, மழை மாதங்களில் மறுபடி தொய்கிறது. கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டு ஆராதனைக்கும் ஒரே ஏற்றம். அறுப்பின் பண்டிகையில் சபையார் படைக்கும் விளைபொருள்களை ஏலம் விடுவோம்; அதில் ஒரு வாழைத்தார் மட்டுமே ஒரு சாதாரண ஞாயிற்றுக் காணிக்கையைத் தொட்டிருந்தது. அந்தக் காசையெல்லாம் சூட்டோடு சூடாகப் பெயின்டுக்கும் ஸ்பீக்கருக்கும் கொடுத்துத் தீர்த்திருந்தோம்.

தாள்களைக் கமிட்டியில் விரித்தேன். அந்த அக்காவையும் வரச் சொல்லியிருந்தேன். அவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: “சேமிப்பு நிவாரணத் திட்டத்துல நாங்க 1,500 ரூபா கட்டறோம். கவர்மெண்டு 3,000 போட்டு, தொழில் இல்லாத மாசத்துல 4,500-ஆ குடுக்குது. கோயிலுக்கு ஏன் சார் அப்படி ஒண்ணு இல்ல?”

ஆயர் சிரித்துக்கொண்டே பைபிளில் ஆதியாகமம் 41-ஐத் திருப்பினார். விளைச்சல் வருஷங்களில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துவைக்க யோசேப்பு சொன்ன இடம். சரி, எங்களுக்கும் ஐந்தில் ஒன்று என்று முடிவானது. டிசம்பர் காணிக்கை, புத்தாண்டு, அறுப்பின் பண்டிகை இந்த மூன்றிலிருந்தும் எடுத்துத் தனிச் சேமிப்புக் கணக்கில் போடுவது. மூன்று பேர் கையெழுத்து. சம்பளத்துக்கும் கரண்டுக்கும் மட்டும், தடைக்காலத்திலும் மழையிலும் மட்டும் எடுப்பது. வட்டி வருமே, ஒரு வருஷ வைப்பு நிதியில் போடலாம் என்றார் ஒருவர். மே மாதம் முறிக்கப்போகிற காசுக்கு எதற்கு அது? மாதச் சம்பளம் வாங்கும் சில குடும்பங்களைத் தனியாகப் பார்த்து, ஊருக்குப் போகுமுன் மே, ஜூன் மாதச் சபைச் சந்தாவைக் கட்டிவிடச் சொன்னேன். மறுக்காமல் கட்டினார்கள். பெயின்ட் அடிப்பது ஜனவரிக்கு மாறியது.

2024 மே மாதம் சம்பளம் தேதி தவறவில்லை. அந்த நிம்மதி ஆறு மாதம்தான். நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அடுத்த சில நாளில் தென்பெண்ணை வெள்ளம். டிசம்பர் ஏற்றத்தை நம்பித்தான் நிதியே, அந்த டிசம்பரே படுத்துவிட்டது. வந்ததில் ஐந்தில் ஒன்றை எடுத்துவைப்பதா, தண்ணீர் புகுந்த வீடுகளுக்குக் கொடுப்பதா என்று ராத்திரி பத்து மணி வரை பேச்சு. கடைசியில் அரிசியும் பாயும் வாங்கிக் கொடுத்தோம். அதனால் 2025 தடைக்காலத்தில் சம்பளத்துக்கு மட்டும்தான் காசு இருந்தது. வேதாகமப் பள்ளிப் பிள்ளைகளுக்கு முறை வைத்து வீட்டுக்கு வீடு சுண்டல் அவித்துக் கொண்டுவந்தார்கள். பிஸ்கட்டைவிட நன்றாகவே இருந்தது.

இன்னொன்றும் செய்தோம். தடைக்காலத்தில் பையைச் சுற்றில் விடுவதில்லை, வாசலில் பெட்டி வைக்கிறோம். மூத்தவர்கள் சிலருக்கு இதில் வருத்தம். காணிக்கை படைப்பது ஆராதனையில் ஒரு பகுதி, அதை எப்படி வாசலுக்குத் தள்ளலாம் என்கிறார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. அடுத்த கமிட்டியில் மறுபடி பேசப்போகிறோம். அந்த அக்கா போன மே மாதம் நாலு ஞாயிறும் வந்திருந்தார்.