இரண்டாம் ஆண்டுத் தவணை

டெக்சாஸில், டாலஸ் நகருக்கு வடக்கேயுள்ள புறநகர்களில், மென்பொருள் சோதனைப் பணியில் நெடுங்காலம் இருந்துவிட்டு, நாற்பது வயதைக் கடந்த பிறகு வீட்டுக் கடன் ஏற்பாடு செய்யும் லோன் ஆஃபீஸர் வேலைக்கு மாறினேன். நண்பர்கள் பலர் இதை விற்பனை வேலை என்றே நினைத்தார்கள். ஒரு குடும்பத்தின் சம்பளச் சீட்டையும் வங்கிக் கணக்கையும் பொறுமையாகப் படித்து, அது எவ்வளவு கடனைத் தாங்கும் என்று சொல்வதே இதன் சாரம் என்பது என் எண்ணம்.

உரிமம் பெறுவது கடினமில்லை. வீட்டுக் கடன் நெருக்கடி முற்றிய 2008இல் இயற்றப்பட்ட சேஃப் சட்டத்தின்படி, 20 மணி நேரப் பாடம் முடித்து, நாடு தழுவிய தேர்வில் 75 விழுக்காடு மதிப்பெண் பெற வேண்டும். கைரேகையும் கடன் வரலாறும் சரிபார்க்கப்படும். வருமானத்துக்குச் சான்றே கேட்காமல் கடன் கொடுத்த காலம் ஒன்று இருந்தது என்பதை அந்தப் பாடங்களைப் படிக்கும்போதுதான் முழுமையாக உணர்ந்தேன். ஒவ்வொரு விதிக்கும் பின்னால் வீட்டை இழந்த மனிதர்கள் இருக்கிறார்கள்.

நான் மாறிய காலம் இந்தத் தொழிலுக்கு நல்ல காலமாக இல்லை. 2021இல் 3 விழுக்காட்டை ஒட்டியிருந்த 30 ஆண்டுக் கடனின் வட்டி, 2022 இறுதிக்குள் 7ஐத் தொட்டுவிட்டது. 4 லட்சம் டாலர் கடனுக்கு அசலும் வட்டியுமாக மாதம் சுமார் 1,686 டாலர் கட்டியிருக்கக்கூடியவர், புதிய வட்டியில் 2,661 டாலர் கட்ட வேண்டும். பழைய கடனைக் குறைந்த வட்டிக்கு மாற்றித் தரும் வேலை ஏறக்குறைய நின்றுபோனது. அதை நம்பியிருந்தவர்கள் பலர் தொழிலைவிட்டே விலகினார்கள். வீடு வாங்குவோர் மட்டுமே மிஞ்சினார்கள்.

அவர்களில் நம்மவர்கள் பெரும்பாலும் புதிதாகக் கட்டும் வீட்டையே விரும்புவார்கள். அங்கேதான் என் பழைய தொழில் கைகொடுத்தது. ஒன்று எந்த இடத்தில் உடையும் என்று தேடுவதே சோதனையாளரின் பழக்கம் அல்லவா? டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது. அதற்கு ஈடாகச் சொத்து வரி அதிகம். ஆண்டுதோறும் ஜனவரி 1ஆம் தேதி சொத்து எந்த நிலையில் இருக்கிறதோ அதற்குத்தான் வரி. அன்று வெறும் மனையாக இருந்தால், அந்த ஆண்டின் வரி மனைக்கு மட்டுமே வரும். 5 லட்சம் டாலர் வீட்டில் மனையின் மதிப்பு 1 லட்சம், வரி 2.2 விழுக்காடு என்று கொண்டால், முதலாண்டு வரி 2,200 டாலர்; மறு ஆண்டு 11,000. தவணையோடு சேர்த்து வரிக்காகப் பிடிக்கும் எஸ்க்ரோ தொகையை முதலாண்டு வரியை வைத்தே கணக்கிட்டிருந்தால், இரண்டாம் ஆண்டில் மாதத் தவணை 700 டாலருக்கு மேல் உயரும். இடைப்பட்ட மாதங்களில் விழுந்த பற்றாக்குறையும் அதன் மேல் ஏறும். ஆகவே முதல் சந்திப்பிலேயே முழு வரியையும் சேர்த்த இரண்டாம் ஆண்டுத் தவணையை எழுதிக் காட்டுகிறேன். அதைப் பார்த்துச் சிறிய வீட்டுக்கு மாறியவர்கள் உண்டு. என்னைவிட்டு வேறொருவரிடம் போனவர்களும் உண்டு.

முன்பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியும் நம்மவரிடம் தனி வடிவம் எடுக்கும். ஊரில் நிலம் விற்ற பணத்தைப் பெற்றோர் அனுப்பினால், அது திருப்பித் தர வேண்டியதில்லை என்ற கொடைக் கடிதமும், பணம் கணக்கு மாறி வந்த தடமும் வேண்டும். தஞ்சைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், "என் மகளுக்கு நான் கொடுக்கிறேன், இதற்கு எதற்குத் தம்பி கையெழுத்து?" என்று தொலைபேசியில் வருத்தத்தோடு கேட்டார். அவருடைய அன்பை யாரும் சந்தேகிக்கவில்லை என்றும், அந்தப் பணம் மகளின் தலையில் இன்னொரு கடனாக நிற்கவில்லை என்பதற்கு மட்டுமே சான்று கேட்கிறார்கள் என்றும் விளக்கியபின் கையெழுத்திட்டு அனுப்பினார். இப்படிப் பேசி விளக்கும் நேரத்தை நான் வேலையின் மையமாகவே கருதுகிறேன்.

எங்களுக்குக் கிடைப்பது கமிஷன். கூடுதல் வட்டிக்குக் கடனைத் தள்ளிவிட்டு அதற்காகக் கூடுதல் பணம் பெறுவதை 2011இல் நடைமுறைக்கு வந்த விதி தடுத்துவிட்டது. அது மிகவும் நல்ல விதி. ஆனால் கடன் தொகை பெரிதானால் கமிஷனும் பெரிதாகும் என்பது அப்படியே இருக்கிறது. திருப்பிச் செலுத்தும் திறனை ஆராய்ந்தே கடன் தர வேண்டும் என்று 2014 முதல் சட்டம் கட்டாயப்படுத்துகிறது என்றாலும், சட்டம் அனுமதிக்கும் உச்சத் தொகையும் ஒரு குடும்பம் நிம்மதியாகக் கட்டக்கூடிய தொகையும் ஒன்றல்ல. விசா புதுப்பிப்பையும், ஊரிலிருக்கும் பெற்றோரின் மருத்துவச் செலவையும் விண்ணப்பப் படிவம் கேட்பதில்லை, நான் கேட்கிறேன். "இந்த ஆண்டு வேண்டாம்" என்று சொல்லும் நாளில் எனக்கு வருமானமில்லை.

அதனால்தான் இந்த வேலைக்கு மாற விரும்பிக் கேட்பவர்களிடம், உரிமத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் அவர்களுடைய சேமிப்பைப் பற்றிக் கேட்கிறேன். ஒரு கடன் விண்ணப்பத்திலிருந்து, பத்திரங்களில் கையெழுத்திட்டு வீடு கைமாறும் க்ளோஸிங் வரை வர ஒரு மாதமோ அதற்கு மேலோ ஆகும். அதன் பிறகுதான் கமிஷன் கைக்கு வரும். முதல் வாடிக்கையாளர் கிடைக்கவே சில மாதங்கள் பிடிக்கலாம். வீட்டு வாடகைக்கு அடுத்த மாதக் கமிஷனை நம்பியிருப்பவரால், எதிரில் அமர்ந்திருக்கும் குடும்பத்திடம் வேண்டாம் என்று சொல்ல முடியாது.