கடைக்கு சோசியல் மீடியா ஆள் வைக்கிறதுக்கு முன்னாடி

ஜிஎஸ்டி எண் கைக்கு வந்த கொஞ்ச நாளிலேயே போன் வர ஆரம்பித்துவிடும். "சார், உங்க பிசினஸுக்கு சோசியல் மீடியா மேனேஜ் பண்ணித் தர்றோம், மாசம் 12 போஸ்டர், 4 ரீல்ஸ், லோகோ டிசைன் ஃப்ரீ" என்று ஒரே மூச்சில் சொல்லி முடிப்பார்கள். அந்த 12 போஸ்டர் என்னவென்று பார்த்தால் ஆடி வெள்ளி வாழ்த்து, ஆசிரியர் தின வாழ்த்து, யோகா தின வாழ்த்து, மூலையில் நம் லோகோ, கீழே போன் நம்பர். அதே போஸ்டர் பக்கத்துத் தெரு ஹார்டுவேர் கடைக்கும் போயிருக்கும், லோகோ மட்டும் வேற. யோகா தினத்துக்கு வாழ்த்துச் சொன்ன கடையாச்சே, போய் ஒரு சேலை எடுப்போம் என்று யாராவது வீட்டிலிருந்து கிளம்பியிருப்பார்களா?

என் அக்காவும் மாமாவும் திண்டுக்கல் பக்கத்தில் சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலை வியாபாரம் செய்கிறார்கள். இந்த போஸ்டர் பேக்கேஜில்தான் அவர்களும் முதலில் சேர்ந்தார்கள். பேஜில் லைக் ஏறிக்கொண்டே இருந்தது, மாசக் கடைசியில் கலர் கலராக ஒரு ரிப்போர்ட்டும் வந்தது. மாமா அதைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "மாப்ள, லைக்கெல்லாம் சரி, ஒரு சேலைகூட நகரலையே?"

ஏன் நகரவில்லை என்பதற்குக் காரணம் ரொம்பச் சாதாரணம். அந்த நிறுவனம் ஒவ்வொரு போஸ்டுக்கும் கீழே இருக்கும், காசு கட்டி போஸ்டைப் பரப்புகிற பூஸ்ட் பட்டனைத் தட்டி, கூடுதல் லைக், கமெண்ட் வரும்படி விட்டிருந்தது. பேஸ்புக், இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டாவின் விளம்பரம் நாம் கேட்டதைத்தான் கொடுக்கும். லைக் வேண்டும் என்று கேட்டால், எதைப் பார்த்தாலும் லைக் போடும் பழக்கம் உள்ள ஆட்களாகத் தேடிப் பிடித்துக் காட்டும். அவர்கள் சேலை வாங்குகிறவர்களா என்பது அதன் கவலையே இல்லை. வாட்ஸ்அப்பில் விசாரணை வர வேண்டும் என்றால் மெட்டாவின் விளம்பரக் கருவியான ஆட்ஸ் மேனேஜரிலோ, பூஸ்டிலேயோகூட, விளம்பரத்தைத் தட்டினால் நேராக நம் வாட்ஸ்அப் சாட் திறக்கிற மாதிரி அமைத்து, நோக்கத்தையும் அதற்கேற்ப வைக்க வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாத ஆளை ஸ்பெஷலிஸ்ட் என்று நான் சொல்ல மாட்டேன், எவ்வளவு அழகாக போஸ்டர் போட்டாலும்.

சரி, வேண்டாம் என்று அந்த நிறுவனத்திடம் சொன்ன பிறகுதான் பெரிய தலைவலி. பேஜில் முழு அதிகாரம் அவர்களிடம்தான் இருந்தது, அக்காவுக்கு போஸ்ட் போடுகிற அளவுக்கு மட்டும் உரிமை. விளம்பரக் கணக்கோ அவர்கள் பெயரில், அவர்கள் கார்டில். மாசாமாசம் விளம்பரத்துக்கென்று வாங்கிய பணத்தில் எவ்வளவு உண்மையில் மெட்டாவுக்குப் போனது என்று பார்க்க வழியே இல்லை. பேஜைத் திரும்ப வாங்குவதற்குள் "நாளைக்குப் பண்றோம் மேடம்" என்று எத்தனை நாளைகள் போனதோ!

அதனால் இந்த விஷயத்தை மட்டும் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். மெட்டாவில் பிசினஸ் போர்ட்ஃபோலியோ என்று ஒன்று இருக்கிறது, முன்பு பிசினஸ் மேனேஜர் என்பார்கள். அதை உங்கள் பெயரில், உங்கள் போனில் உட்கார்ந்து நீங்களே திறக்க வேண்டும். பேஜ், இன்ஸ்டாகிராம், விளம்பரக் கணக்கு மூன்றும் அதற்குள் இருக்கட்டும். வேலைக்கு வருகிறவர் நிறுவனம் என்றால் அதற்குள் பார்ட்னராகச் சேர்க்கலாம் (கடைக்குப் பங்காளி என்று அர்த்தமில்லை), தனி ஆள் என்றால் அவருக்கு வேலைக்குத் தேவையான அளவு மட்டும் பகுதி உரிமை கொடுக்கலாம். பாஸ்வேர்டைச் சொல்லவே வேண்டியதில்லை. கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலிலும் இதே கதைதான்: முதன்மை உரிமையாளர் நீங்கள், வேலைக்கு வருகிறவர் மேலாளர். வாட்ஸ்அப் எண் கடையின் சிம்மில், அதன் இரண்டடுக்குச் சரிபார்ப்பு பின் நம்பர் கடைக்காரரிடம். விளம்பரப் பணம் நம் கார்டிலிருந்தே போக வேண்டும், கணக்கில் நம் ஜிஎஸ்டி எண்ணையும் பதிந்துவிட வேண்டும், இல்லையென்றால் விளம்பரத்துக்கு விழும் 18 சதவீத வரியை உள்ளீட்டு வரவாக எடுக்க, அதாவது நாம் கட்டும் ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ள, முடியாது.

சாவி யார் கையில் என்பது முடிந்த பிறகு கணக்கு. ஒரு சேலைக்கு லாபமாக 200 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு மாசம் 12,000, விளம்பரத்துக்கு 6,000. கைக்காசு போகாமல் இருக்கவே மாசம் 90 சேலை கூடுதலாக விற்றாக வேண்டும், வரிவரவு எடுக்க முடியாதவர்களுக்கு விளம்பரத்தின் வரி 1,080 ரூபாயும் சேர்ந்து 96 சேலை. இதில் பார்சல் திரும்பி வந்த செலவு இன்னும் சேரவில்லை. ஆள் தேடுவதற்கு முன் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அந்த எண்ணிக்கையை நினைத்தாலே மூச்சு முட்டுகிறது என்றால் உங்களுக்கு இப்போது ஆள் தேவையில்லை. மெஸ், டெய்லர் கடை, பஞ்சர் கடை மாதிரி சுற்றுவட்டார வாடிக்கையாளர்தான் என்றால் கூகுள் மேப்பில் கடை நேரத்தையும் நாலு நல்ல போட்டோவையும் சரியாக வைத்தாலே போதும், அதற்குக் காசே கிடையாது.

அடுத்து வந்தது ஒரு பெண், தனியாளாகச் செய்கிறாள், பெரிய ஆபீஸ் எல்லாம் இல்லை. அவளை எடுக்கலாம் என்று எனக்குத் தோன்றியது அவள் சொன்ன பதில்களால் இல்லை, கேட்ட கேள்விகளால். "அக்கா, ஒரு சேலைக்கு உங்களுக்கு எவ்வளவு நிக்கும்? எந்தச் சேலை அதிகமா திரும்பி வருது? ராத்திரி பத்து மணிக்கு மெசேஜ் வந்தா யார் பதில் சொல்லுவாங்க?" என்று வரிசையாகக் கேட்டாள். மூன்றாவது கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. முந்தைய நிறுவனம் எங்களிடம் கேட்ட ஒரே கேள்வி லோகோ பிஎன்ஜி ஃபைலாக இருக்கிறதா என்பதுதான். பழைய வேலையைக் காட்டச் சொன்னபோது அவள் ஸ்கிரீன்ஷாட் எதையும் அனுப்பவில்லை. தன் வாடிக்கையாளர் ஒருவரிடம் போனில் அனுமதி கேட்டுவிட்டு, ஆட்ஸ் மேனேஜரையே திறந்து, எவ்வளவு செலவு, எத்தனை விசாரணை, ஒரு விசாரணைக்கு எவ்வளவு விழுந்தது என்று எங்கள் முன்னாலேயே விரலை நகர்த்திக் காட்டினாள். ஸ்கிரீன்ஷாட்டை யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். நேரடித் திரையைக் காட்டத் தயங்குகிறவரிடம் நான் பணம் கொடுக்க மாட்டேன்.

அவள் முதல் வாரம் எதையும் போஸ்ட் செய்யவில்லை, கடையில் வந்து உட்கார்ந்தாள். சுங்குடிக்கு முடிச்சுப் போடும் ஒரு அம்மா வீட்டுக்கு அக்கா கூட்டிப் போனாள். துணியைச் சின்னதாகக் கிள்ளி எடுத்து நூலைச் சுற்றிச் சுற்றி இறுக்கி, சாயம் போட்டுக் காயவைத்த பிறகு, இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து இழுப்பார்கள் பாருங்கள், முடிச்செல்லாம் படபடவென்று தெறித்து அவிழ்ந்து, சாயம் ஏறாத புள்ளிகள் வரிசையாகத் திறக்கும். அந்தச் சில நொடிதான் ரீல். பாட்டு இல்லை, முடிச்சு தெறிக்கிற சத்தம் மட்டும். (பாட்டு என்றதும் நினைவு வருகிறது: பிசினஸ் கணக்கில் சினிமாப் பாட்டை இஷ்டத்துக்குப் போட முடியாது, வணிகத்துக்கான உரிமை நமக்கு இல்லை. முந்தைய நிறுவனம் போட்டதில் சிலவற்றுக்கு ஒலியே போய்விட்டது.) இதில் மாமாவுக்கு ஒரு சின்ன வருத்தம், அந்த ரீலுக்குக் கீழே "இது கையால் முடிச்சிட்ட சேலை, அச்சுச் சேலை விலை வேறு" என்று அவள் எழுதியே தீருவேன் என்றாள். கடையில் நிறைய ஓடுவது அச்சுதான். முடிச்சைக் காட்டி அச்சை அனுப்பினால் ஒரு தடவை விற்கும், அப்புறம் கமெண்டில் கிழிப்பார்கள் என்று அவள் சொன்னது சரி என்றே நானும் நினைக்கிறேன்.

போட்டோவையும் மாற்றினாள். கடைக்குள் டியூப்லைட்டில் எடுத்து ஃபில்டர் போடுவது நின்றது. காலை வெளிச்சத்தில் வாசல்படியில் சேலையை விரித்து, முந்தானை, உடல், பார்டர் என்று தனித்தனியாக எடுத்தார்கள். "போட்டோல பாத்தது அரக்கு, வந்தது சிவப்பு" என்ற புகார் அதோடு நன்றாகவே குறைந்தது.

ஆனால் விற்பனை ஏறியது இதனால் மட்டும் இல்லை. விசாரணை வருவது பெரும்பாலும் வீட்டுவேலை முடிந்து பெண்கள் போனை எடுக்கிற நேரத்தில், அதாவது கடை சாத்திய பிறகு. காலையில் பதில் போட்டால் அவர்கள் வேறு கடையில் வாங்கி முடித்திருப்பார்கள். இப்போது அக்கா ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்ச நேரம் வாட்ஸ்அப் பிசினஸோடு உட்கார்கிறாள். விலை, கூரியர், முதல் தடவை தனியாக உப்புத் தண்ணீரில் அலசுங்கள் என்பதற்கெல்லாம் க்விக் ரிப்ளை, அதாவது முன்பே எழுதி வைத்த பதில், தயாராக இருக்கிறது. பணம் கட்டியவர், யோசிப்பவர் என்று லேபிளும் போட்டு வைத்திருக்கிறாள். எவ்வளவு நல்ல ஆளை வைத்தாலும் இந்த வேலை கடைக்காரருடையதுதான், இதற்கு நேரம் இல்லை என்கிறவர்கள் விளம்பரத்துக்குச் செலவு செய்வதே வீண்.

வாங்கியவர்கள் எண்களை, அவர்கள் சம்மதத்தோடு, தனியாக ஒரு நோட்டிலும் ஷீட்டிலும் ஏற்றச் சொன்னதும் அந்தப் பெண்தான். 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் தடை வந்தபோது அதில் மட்டுமே வாடிக்கையாளரைச் சேர்த்து வைத்திருந்தவர்களுக்கு மறுநாள் கையில் ஒன்றும் இல்லை. 2021 அக்டோபர் 4 அன்று பேஸ்புக், இன்ஸ்டா, வாட்ஸ்அப் மூன்றும் சேர்ந்து மணிக்கணக்கில் படுத்ததும் நினைவிருக்கலாம்.

இன்ஃப்ளுயன்சரைக் கூட்டிவரலாம் என்ற யோசனையும் வந்தது. காசு கொடுத்தோ சேலை கொடுத்தோ பேசவைத்தால் அது விளம்பரம் என்று தெளிவாகச் சொல்லியாக வேண்டும், நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் இதற்கு வழிகாட்டியே வெளியிட்டிருக்கிறது. எங்களுக்கு அது இப்போதைக்குக் கட்டுப்படியாகவில்லை, விட்டுவிட்டோம்.

ஏற்கெனவே யாரிடமாவது மாட்டிக்கொண்டு வேறு ஆளுக்கு மாற நினைப்பவர்கள், அவர்களிடம் வாயைத் திறப்பதற்கு முன் பேஜ் செட்டிங்ஸில் யார் யாருக்கு எந்த உரிமை என்ற பட்டியலைப் பாருங்கள். உங்கள் பெயருக்கு எதிரில் முழுக் கட்டுப்பாடு இல்லையென்றால், "நானும் கொஞ்சம் பார்த்துக்கணும்" என்று சாதாரணமாகக் கேட்டு முதலில் அதை வாங்குங்கள். வீடியோ, போட்டோ ஒரிஜினல் ஃபைல்களையும் அப்போதே டிரைவில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரக் கணக்கு அவர்கள் போர்ட்ஃபோலியோவில் திறந்ததாக இருந்தால் அதை மறந்துவிட்டு, உங்கள் பெயரில் புதிதாக ஒன்று திறந்துகொள்வதுதான் சண்டை இல்லாத வழி. அக்கா கடைக்கும் அப்படித்தான் செய்தோம்.