பாதியாகக் குறைந்த அம்மோனியாவும் முப்பது மடங்கான நஞ்சும்

என் மீன் தொட்டிக்கு அப்போது இரண்டு ஆண்டுகள் நிறைந்திருந்தன. நூறு லிட்டர் நீரில் பன்னிரண்டு டெட்ராக்களும், அடிமணலைக் கிளறித் திரியும் ஆறு கோரிடோராஸ் மீன்களும் எந்தக் குறையுமின்றி நீந்திக்கொண்டிருந்ததால், தொடக்கத்தில் நாள் தவறாமல் செய்துவந்த நீர்ச் சோதனையை நான் மெல்ல மெல்லக் கைவிட்டிருந்தேன். ஆவியாகிக் குறையும் அளவுக்குப் புதுநீர் ஊற்றுவதே பராமரிப்பு என்று ஆகிவிட்டது. ஒரு காலையில் வேறு எதையோ தேடும்போது சோதனைப் பெட்டி கையில் அகப்பட, பார்த்துத்தான் வைப்போமே என்று அம்மோனியாவைச் சோதித்தேன். மஞ்சளாக இருந்திருக்க வேண்டிய நீர் அடர்பச்சையாக மாறி, வண்ண அட்டையில் லிட்டருக்கு 4 மில்லிகிராம் என்ற கட்டத்தோடு பொருந்தி நின்றது. பதறிப்போய்த் தொட்டி நீரில் பாதியை இறைத்துவிட்டு, குளோரின் நீக்கிய புதுநீரை நிரப்பினேன். காலைவரை சுறுசுறுப்பாக இருந்த மீன்கள் மாலையில் நீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மறுநாள் விடிந்தபோது ஏழு டெட்ராக்கள் இறந்துகிடந்தன.

அம்மோனியா கூடியபோது சாகாத மீன்கள், அதைக் குறைத்த பிறகு ஏன் செத்தன என்பது எனக்கு விளங்கவில்லை. செடிகளுக்கு ஊற்றலாம் என்று எடுத்துவைத்திருந்த பழைய நீர் வாளியில் அப்படியே இருந்தது நல்லதாகப் போயிற்று. அதில் பிஎச், அதாவது எண் குறையக் குறைய நீரில் அமிலம் கூடுவதைக் காட்டும் அளவு, பார்த்தேன்: அட்டையின் கடைசி மஞ்சள், அதாவது 6.0. கடைசிக் கட்டத்துக்குக் கீழே அட்டையில் நிறமே இல்லை என்பதால், அந்த 6.0 என்பதை ‘6.0 அல்லது அதற்கும் கீழே’ என்றுதான் படிக்க வேண்டும். தொட்டியில் இப்போது இருந்த நீரோ 7.8 காட்டியது.

வீட்டில் பயன்படுத்தும் சொட்டுமருந்துச் சோதனை, நஞ்சான அம்மோனியாவையும் ஏறத்தாழத் தீங்கற்ற அம்மோனியம் அயனியையும் சேர்த்து ஒரே எண்ணாகக் காட்டுகிறது. இரண்டும் நீரில் ஒன்றிலிருந்து ஒன்றாக மாறிக்கொண்டே இருப்பவை. எது எவ்வளவு என்பதைப் பிஎச்சும் வெப்பநிலையும் முடிவு செய்கின்றன. 25 டிகிரி செல்சியஸில் பிஎச் 6.0 என்றால் மொத்தத்தில் நஞ்சின் பங்கு 0.06 விழுக்காட்டுக்கும் குறைவு, பிஎச் 7.0 என்றால் சுமார் 0.6 விழுக்காடு, 8.0 என்றால் 5 விழுக்காட்டுக்கும் மேல். என் தொட்டியில் முதல் நாள் காலை 4 மில்லிகிராமில் உண்மையான நஞ்சு 0.002 மில்லிகிராம் அளவே இருந்திருக்கிறது. நீரைப் பாதி மாற்றியதும் மொத்த அளவு 2 ஆகக் குறைந்தது. ஆனால் பிஎச் 7.8க்கு ஏறியதால் நஞ்சு ஏறக்குறைய 0.07 ஆகிவிட்டது. அட்டையில் பாதியானது, மீனின் செவுளில் முப்பது மடங்கானது. அமில நீருக்குப் பழகிய உடல் சில மணி நேரத்தில் இவ்வளவு பெரிய பிஎச் மாற்றத்தைத் தாங்க வேண்டியிருந்தது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அந்த நீர் அவ்வளவு அமிலமாக மாறியதற்கான விடை, பலரும் வாங்கி வைத்துக்கொண்டு திறந்தே பார்க்காத கேஎச் புட்டியில் இருக்கிறது. அமிலத்தை ஈடுகட்ட நீரில் இருக்கும் கார்பனேட் கையிருப்பை அளக்கும் சோதனை அது. வடிகட்டியில் வாழும் நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. அதை ஈடுகட்ட நீரிலுள்ள கார்பனேட் செலவாகிறது. ஒவ்வொரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கும் கால்சியம் கார்பனேட் கணக்கில் சுமார் 7 மில்லிகிராம் காரத்தன்மை, அதாவது அந்தக் கையிருப்பு, தீர்ந்துபோகிறது. கேஎச் சோதனையில் நிறம் மாறும்வரை சொட்டுகளை எண்ண வேண்டும். ஒரு சொட்டு என்பது ஜெர்மன் டிகிரி என்ற அலகில் ஒன்று, அதாவது அதே கணக்கில் லிட்டருக்குச் சுமார் 18 மில்லிகிராம். வாளியில் இருந்த பழைய நீரில் முதல் சொட்டு விழுந்தவுடனேயே நீலம் தோன்றாமல் மஞ்சள் வந்துவிட்டது. கையிருப்பு தீர்ந்ததும் பிஎச் சரிந்திருக்கிறது. அமில நீரில் நுண்ணுயிர்கள் மந்தமாகி, அம்மோனியா சேர்ந்திருக்கிறது. அதே அமிலம்தான் அதை அம்மோனியமாகக் கட்டிவைத்து மீன்களைக் காத்தும் வந்திருக்கிறது. நாள்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மட்டும் மாற்றி, உணவைக் குறைத்து, ஒவ்வொரு முறையும் பிஎச் பார்த்துக்கொண்டே ஏற்றியிருந்தால் அந்த ஏழும் பிழைத்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அன்றிலிருந்து அம்மோனியா, பிஎச், கேஎச் மூன்றையும் ஒரே நேரத்தில் பார்த்து, நேரத்தோடு சேர்த்து ஒரு குறிப்பேட்டில் எழுதுகிறேன். நேரம் எழுதுவது வீண் ஒழுங்கு அன்று. செடிகள் அடர்ந்த தொட்டியில் இரவெல்லாம் கரியமில வாயு சேர்வதால் விடியலில் பிஎச் தாழ்ந்தும், பகலில் செடிகள் அதை உறிஞ்சுவதால் மாலையில் உயர்ந்தும் இருக்கும். போன வாரக் காலையையும் இந்த வார மாலையையும் ஒப்பிட்டுவிட்டு நீர் மாறிவிட்டது என்று கலங்குவதில் பொருளில்லை.

நைட்ரேட் சோதனை ஏமாற்றக்கூடியது. அதன் இரண்டாம் புட்டியில் கரையாத பொருள் அடியில் படிந்துவிடும். புட்டியை அரை நிமிடமாவது வலுவாகக் குலுக்காமல் சொட்டு விட்டால், எவ்வளவு அழுக்கான நீரும் தூய நீர் போலத் தெரியும். நைட்ரேட் சுழியமாக இருப்பதாக மகிழ்ந்து சொல்லும் நண்பர்களிடம் நான் முதலில் கேட்பது, புட்டியைக் குலுக்கினீர்களா என்பதைத்தான். அலகையும் கவனிக்க வேண்டும்: சில பெட்டிகள் நைட்ரேட் அயனியாகவும் சில நைட்ரஜனாகவும் கணக்கிடுகின்றன, முன்னது பின்னதைப் போல் சுமார் 4.4 மடங்கு. நீரில் நனைத்து நிறம் பார்க்கும் காகிதச் சோதனைப் பட்டைகள் ஈரக்காற்று பட்டால் கெட்டுப்போகும் என்பதால், அவசரத்துக்கு அன்றி நான் அவற்றைத் தொடுவதில்லை.

குழாய் நீரில் குளோரமின், அதாவது குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த கிருமிநாசினி, கலந்திருந்தால் ஒரு குழப்பம் நேரும். குளோரின் நீக்கும் மருந்து அதிலுள்ள குளோரினை அகற்றும்போது அம்மோனியா வெளிப்படும். ஆகவே புதுநீரையே சோதித்தாலும் இளம்பச்சை தெரியலாம். அதைத் தொட்டியின் குற்றமாக எண்ணிவிடக் கூடாது.

இப்போது நீர் மாற்றும் நாளில், முந்தைய இரவே பிடித்து வைத்துக் காற்றுக் குமிழி விட்ட புதுநீரில் ஒரு குவளையும் தொட்டி நீரில் ஒரு குவளையும் எடுத்து, வெள்ளைத் தாளின்மேல் பகல் வெளிச்சத்தில் அருகருகே பிஎச் பார்க்கிறேன். வேறுபாடு அரைப் புள்ளியைத் தாண்டினால், அன்றைக்கு ஒரே ஒரு வாளியோடு நிறுத்திவிட்டு, மீதியை அடுத்தடுத்த நாள்களுக்குத் தள்ளிவைக்கிறேன்.