யாரும் மீட்டாத காந்தாரம்

நன்றாகச் சுருதி சேர்த்த தம்புராவுக்குப் பக்கத்தில் கண்ணை மூடி உட்கார்ந்து பாருங்கள். நான்கு தந்திகளிலும் பஞ்சமமும் (ப) ஷட்ஜமும்தான் (ச). ஆனால் கொஞ்ச நேரத்தில் யாரும் மீட்டாத அந்தர காந்தாரம், அதாவது ‘க’ சுரம், மேலே மிதந்து வரும். பிரமை இல்லை. மந்தர (கீழ்) ஷட்ஜத் தந்தியிலேயே 5 மடங்கு அதிர்வெண்ணில் எழும் மேற்சுரம் அது; அடிப்படை அதிர்வோடு அதன் மடங்குகளில் கூடவே எழும் ஒலிகளைத்தான் மேற்சுரம் என்கிறோம். தந்திக்கடியில் செருகிய நூலைச் சற்றே நகர்த்தினால் பளிச்சென்று கேட்கும்.

என்னை உலுக்குவது இதன் மறுபக்கம். பழைய தொலைபேசியில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அநேகமாக எதுவும் வராது. அப்பாவின் குரலுக்கு அடிப்படை அதிர்வோ சுமார் 120 ஹெர்ட்ஸ். அது கம்பியில் வரவே இல்லை; மேற்சுரங்களின் இடைவெளியை வைத்து மூளையே அந்தச் சுருதியைக் கட்டிக்கொள்கிறது. வராததைக் கேட்டோம், அதுவும் சரியாக!

அப்படியானால் சுருதி இருப்பது காற்றிலா, நமக்குள்ளா? நமக்குள் என்றுதான் நான் சொல்வேன். காற்று தருவது அதிர்வுகளை மட்டும்.